கிராமப்புற யோகா முகாமுக்குப் போகிறவர்களுக்கு: மூன்று வாரம் முன்பிருந்து வீடு திரும்பிய மறுநாள் வரை

முகாம்களில் பதிவு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். அதற்கு முன் நானும் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன்தான். யார் கடைசி நாள் வரை இருப்பார், யார் மூன்றாம் நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு "வண்டி ஏதாவது கிடைக்குமா?" என்று கேட்டு நிற்பார் என்பதை வந்திறங்கும் கோலத்திலேயே ஓரளவு சொல்லிவிடலாம். உடம்பு வளைவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

புதியவர்கள் ஆசனத்துக்குத் தயாராகி வருகிறார்கள், கால அட்டவணைக்குத் தயாராகி வருவதில்லை. குனிந்து கால்விரலைத் தொடுவதை முகாமில் சொல்லித்தருவார்கள். ஐந்து மணிக்கு எழுவது, காபி இல்லாமல் இருப்பது, தரையில் முக்கால் மணி நேரம் உட்கார்வது ஆகியவற்றை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். வீட்டிலேயே பழகிக்கொண்டு வர வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகப் போட்டதுதான்.

1. எந்த வகை முகாம் என்று பிரித்துப் பாருங்கள்

விளம்பரப் படங்கள் எல்லாம் ஒரே அச்சு: மலை, பனிமூட்டம், நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருவர். அதைப் பார்த்தே பணம் கட்டிவிடுகிறார்கள். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஒரு நாளின் கால அட்டவணையை. ஆசனத்துக்கு எத்தனை மணி நேரம், உட்கார்ந்து தியானிக்க எத்தனை மணி நேரம், சும்மா விட்டிருக்கும் நேரம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். முகாமின் குணம் தெரிந்துவிடும்.

சிவானந்த மரபு ஆசிரமங்களில் அதிகாலை 6 மணிக்கு சத்சங்கம் (கூடி உட்கார்ந்து தியானம், பஜனை), காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஆசன வகுப்பு, 10 மணிக்கும் 6 மணிக்கும் சாப்பாடு, இடையில் கர்ம யோகம் என்று ஏதாவது ஒரு வேலை, இரவு 8 மணிக்கு மறுபடி சத்சங்கம் என்று நாள் ஓடும். காசும் கொடுத்துவிட்டுப் பாத்திரமும் தேய்க்க வேண்டுமா என்று கேட்பவருக்கு அது சரிப்படாது. அய்யங்கார் முறையில் ஒரே நிலையில் நெடுநேரம் நிற்க வைப்பார்கள். கட்டை, பட்டை, நாற்காலி, போர்வை எல்லாம் துணைக்கு வரும். நடுவயது தாண்டியவர்களுக்கும் மூட்டில் தொந்தரவு உள்ளவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அஷ்டாங்க வின்யாச முறையில் ஆசனங்களின் வரிசை மாறாது. வேகமும் வியர்வையும் அதிகம். மரபை ஒட்டி நடத்துபவர்கள் பௌர்ணமியன்றும் அமாவாசையன்றும் வகுப்பு வைப்பதில்லை. நான்கு நாள் முகாமில் ஒரு நாள் அப்படிப் போய்விட்டதே என்று சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நாட்காட்டியை முன்பே ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

பத்து நாள் விபஸ்ஸனா வகுப்பையும் யோகா முகாம் என்று நினைத்து விண்ணப்பிப்பவர்கள் உண்டு. அங்கே பேச்சு கிடையாது, ஆசனப் பயிற்சியையும் அந்த நாட்களில் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். நாள் முழுவதும் தியானம்தான். முதல் முகாமாக அது வேண்டாம் என்பது என் கட்சி. இதை ஏற்காத நண்பர்கள் எனக்கு உண்டு.

முதல் தடவை என்றால் 4 அல்லது 5 நாள் போதும். இரண்டு நாள் வார இறுதி முகாம் வசதியாகத் தோன்றும். ஆனால் 7-ஆம் பகுதியில் சொல்லப்போகும் அந்த இரண்டாம் நாளோடு அது முடிந்துவிடும். கஷ்டத்தை மட்டும் பட்டுவிட்டுத் திரும்புவீர்கள்.

2. பணம் கட்டுமுன் தொலைபேசியில் கேளுங்கள்

மின்னஞ்சலில் கேட்டால் தயாராக வைத்திருக்கும் பதில்தான் வரும். தொலைபேசியில் கேட்டால் தயக்கம் காதில் விழும். அந்தத் தயக்கம்தான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

முதல் கேள்வி: ஒரு வகுப்பில் எத்தனை பேர், சொல்லித்தருபவர் எத்தனை பேர்? நாற்பது பேருக்கு ஒருவர் என்றால் உங்கள் முழங்கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை யாரும் பார்க்கப்போவதில்லை. ஏற்கனவே ஓரளவு பயின்றவருக்குப் பரவாயில்லை, புதியவருக்கு ஆகாது.

இரண்டாவது, படுக்கை தரையிலா கட்டிலிலா, கழிப்பறை அறைக்குள்ளா வெளியிலா, எவ்வளவு தூரம்? கேட்கக் கூச்சமாக இருக்கும். இருந்தாலும் கேளுங்கள். இரவில் இரண்டு தடவை எழுந்திருக்கும் வழக்கம் உள்ளவர் 80 அடி தள்ளி, இருட்டில், ஈரப் புல்லில் நடந்து போக வேண்டும் என்பது அங்கே போய்த் தெரிந்தால், அன்று மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார். மறுநாள் வகுப்பில் தலை சுற்றுகிறது என்கிறார். காரணம் யோகாவில் இல்லை, கழிப்பறையில் இருக்கிறது.

மூன்றாவது, பக்கத்து மருத்துவமனை எத்தனை நிமிடத் தூரம், இரவில் முகாமில் வண்டி நிற்குமா? கிராமப்புறத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்கக் கூடாது. எட்டுக் கிலோமீட்டர் மண்பாதைக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம்.

போனில் சிக்னல் கிடைக்குமா, வர முடியாமல் போனால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும், கடைசி வேளைச் சாப்பாடு எப்போது, கட்டணத்தில் எதெல்லாம் அடங்காது என்பவற்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. உடல்நிலைப் படிவத்தில் மறைக்காதீர்கள்

ஏறத்தாழ எல்லா முகாமிலும் ஒரு படிவம் தருவார்கள். பாதிப் பேர் எல்லாக் கட்டத்திலும் "இல்லை" என்று போட்டுவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம். ஒரு பெரியவர் அப்படிப் போட்டுவிட்டு, இரண்டாம் நாள், தோளில் நின்று கால்களை மேலே தூக்கும் சர்வாங்காசனத்துக்கு முன் என் காதில் மட்டும் "தம்பி, எனக்குக் கண்ணில் அழுத்தம் உண்டு, சொட்டு மருந்து போடுகிறேன், பரவாயில்லையா?" என்று கேட்டார். பரவாயில்லை என்று சொல்லவே முடியாது. சிரசாசனத்தில் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் நிலைகள் பக்கமே போகக் கூடாது.

கட்டுப்படாத இரத்த அழுத்தம், குடலிறக்கம், வலிப்பு நோய், அண்மையில் நடந்த வயிற்று அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை இருந்தால் கபாலபாதி போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளும் மூச்சை அடக்குவதும் வேண்டாம். டிஸ்க் விலகியவர்கள் ஆழமாக முன்குனியும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு வேறொரு சிக்கல்: வழக்கமான சாப்பாட்டு நேரம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போய், இடையில் உடற்பயிற்சியும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். முகாமின் கால அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். "யோகா செய்யலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் "தாராளமாக" என்றுதான் பதில் வரும். அட்டவணையைக் காட்டினால்தான் அவர் மருந்து நேரத்தைப் பற்றி யோசிப்பார்.

மன நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் தியான நேரம் அதிகமுள்ள முகாமுக்குப் பதிவு செய்யும் முன் தங்கள் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். நீண்ட மௌனமும் நீண்ட உட்காரலும் சிலரைக் கலைத்துப்போடும். முகாமுக்காக எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். இங்கே மனம் லேசாகிவிடும், மாத்திரை எதற்கு என்ற நினைப்பு நல்லவர்களுக்கும் வருகிறது.

4. மூன்று வாரம் முன்பே கடிகாரத்தை மாற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர் இதைப் படித்தால் போதும்.

தூக்கம் முதலில். இரவு பன்னிரண்டுக்குப் படுத்து ஏழுக்கு எழுகிறவர், முகாமின் முதல் இரவில் ஒன்பதரைக்குப் படுத்தால் தூக்கம் வராது. பன்னிரண்டு வரை புரண்டுவிட்டு ஐந்துக்கு மணியடித்ததும் எழுந்திருப்பார். மூன்று நாள் இப்படிப் போனால் எந்த வகுப்பும் தலையில் ஏறாது. எனவே இரண்டு நாளுக்கு ஒருமுறை, எழும் நேரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். மூன்று வாரத்தில் இரண்டரை மணி நேரம் கிடைத்துவிடும். படுக்கும் நேரத்தை மாற்றப் போராட வேண்டாம். எழும் நேரம் முன்னேறினால் படுக்கும் நேரம் தானாகப் பின்தொடரும். எழுந்ததும், விடிந்த பின் வெளியே போய்ப் பத்து நிமிடம் வெளிச்சத்தில் நில்லுங்கள். உடம்பின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகர்கிறது, அலாரத்தைக் கேட்டு அல்ல.

அடுத்து காபி, டீ. பல முகாம்களில் இரண்டும் கிடையாது. தினமும் மூன்று நான்கு கோப்பை குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சிக்குப் போகும். சிலருக்கு ஒன்பது நாள் வரை இழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கிளம்பும் நாள் காலையில் கடைசிக் கோப்பை என்றால், உச்சம் சரியாக முகாமின் இரண்டாம் நாளில் விழுகிறது. என் முதல் முகாமில் எனக்கு இதுதான் நடந்தது. உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது என்று பக்கத்துப் பாய்க்காரர் விளக்கினார். நானும் பக்தியோடு நம்பினேன். வீட்டுக்கு வந்து ஒரு கோப்பை குடித்த அரை மணி நேரத்தில் நச்சு எங்கே போனதென்று தெரியவில்லை.

அதனால் மூன்று வாரத்துக்கு முன்பிருந்தே குறைக்கத் தொடங்குங்கள். முதல் வாரம் மாலைக் கோப்பையை விடுங்கள், இரண்டாம் வாரம் மதியக் கோப்பையை விடுங்கள், மூன்றாம் வாரம் காலைக் கோப்பையைப் பாதியாக்கி, கிளம்புவதற்கு மூன்று நாள் முன் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது இரவுச் சாப்பாடு. வயிறு நிறையச் சாப்பிட்டால் ஆசனத்துக்கு மூன்று, நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முகாமில் மாலை ஆறு மணிக்கே சாப்பாடு முடிந்துவிடுவதன் காரணம் இதுதான்: மறுநாள் காலை வகுப்புக்கு வயிறு காலியாக இருக்கும். வீட்டில் ஒன்பதரைக்குச் சாப்பிட்டுப் பழகியவர் முகாமில் ஒன்பது மணிக்குப் பசியோடு விழித்திருப்பார். வாரத்துக்கு முக்கால் மணி நேரம் என்று முன்னால் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, தரை. தினமும் ஒரு வேலையைத் தரையில் உட்கார்ந்து செய்யுங்கள்: செய்தித்தாள் படிப்பது, போன் பேசுவது, எதுவானாலும் சரி. முதல் வாரம் பத்து நிமிடம், மூன்றாம் வாரம் அரை மணி நேரம். முகாமில் முதலில் கெஞ்சுவது இடுப்பும் கணுக்காலும்தான், தொடை அல்ல.

இத்தனை நாளும் ஆசனப் பயிற்சியே வேண்டாமா? வாரம் மூன்று தடவை, மெதுவாக, ஐந்தாறு சுற்று சூரிய நமஸ்காரம் போதும். கடைசி வாரத்தில் அவசர அவசரமாக வளையப் பார்த்து, தசையைப் பிடித்துக்கொண்டு வந்து சேருகிறவர்கள் ஒவ்வொரு முகாமிலும் இரண்டு பேராவது இருப்பார்கள்.

5. பை கட்டுதல்

சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். மண்பாதையிலும் சரளைக்கல்லிலும் சக்கரம் உருளாது. தோளில் மாட்டும் பை ஒன்று போதும். நீங்களே கால் மணி நேரம் தூக்கிக்கொண்டு நடக்க முடிகிற எடைக்கு மேல் வேண்டாம்.

எல்லோரும் மறப்பது டார்ச். போனில் இருக்கிறதே என்பார்கள். போனைப் பதிவு மேசையில் வாங்கி வைத்துவிடும் முகாம்கள் உண்டு. நெற்றியில் கட்டும் டார்ச் என்றால் இரண்டு கையும் சும்மா இருக்கும். எல்லோரும் அளவுக்கு மீறிக் கொண்டுவருவது உடை. தளர்ந்த பருத்தி உடை மூன்று செட் போதும், துவைத்துக்கொள்ளலாம். ரொம்பத் தளர்ந்த மேல்சட்டை மட்டும் வேண்டாம். குனியும்போது முகத்தில் வந்து விழும்.

சொந்த யோகா மேட் இருந்தால் எடுத்துப் போங்கள். வழக்கமான மேட் சுமார் 173 செ.மீ. நீளம், 61 செ.மீ. அகலம் இருக்கும், 4 முதல் 6 மி.மீ. கனம் சரியாக வரும். அதைவிடத் தடித்தது முழங்காலுக்கு இதமாக இருந்தாலும் ஒற்றைக்காலில் நிற்கும்போது ஆட்டம் காட்டும். புது மேட் வழுக்கும். வாங்கியவுடன் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, சில நாள் பழக்கிய பிறகு கொண்டுபோங்கள்.

ஒரு கனமான போர்வை கட்டாயம். வகுப்பின் முடிவில் அசையாமல் மல்லாந்து கிடக்கும் சவாசனத்தில் படுத்த ஐந்தாவது நிமிடத்தில் வியர்வை ஆறி உடம்பு குளிரும். மடித்து உட்காரவும் அதுதான் (8-ஆம் பகுதி பார்க்க). இவற்றோடு கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு, மூடிய காலணி ஒரு ஜோடி, டீட் கலந்த பூச்சி விரட்டி, சாமணம், தண்ணீர் பாட்டில், கைக்கடிகாரம், நாட்கணக்கைவிட இரண்டு நாள் கூடுதலாக மருந்து, கொஞ்சம் ரொக்கம். சாமணம் எதற்கு என்றால், புல்வெளியில் நடந்தால் உண்ணி ஒட்டிக்கொள்ளும். தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். நெருப்பால் சுடுவது, எண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாத வேலை. வாசனைத் திரவியம் கொண்டுவராதீர்கள்: மூடிய அறையில் முப்பது பேர் ஆழ்ந்து மூச்சிழுக்கும் இடம் அது.

6. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்

மாலை ஆறு மணிக்குள் வரலாம் என்று போட்டிருந்தால் மூன்று மணிக்குப் போய் நில்லுங்கள். என் முதல் முகாமுக்கு நான் கடைசி பஸ்ஸில் இறங்கினேன். பெயர்ப்பலகை இல்லை, போனில் சிக்னல் இல்லை, எங்கோ ஒரு நாய் குரைத்த திசையில் வீடு இருக்கும் என்று நம்பிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். (சக்கரப் பெட்டி பற்றி மேலே சொன்னது அங்கே கற்றதுதான்.) போய்ச் சேர்ந்தபோது சாப்பாடு முடிந்து விளக்கும் அணைத்திருந்தார்கள்.

முன்னதாகப் போவதில் பசியையும் தாண்டி ஒரு லாபம் உண்டு. படுக்கையிலிருந்து கழிப்பறைக்கும் வகுப்புக் கூடத்துக்கும் பகலிலேயே ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம். எங்கே படி, எங்கே வேர், எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று கால் தெரிந்துகொள்ளும். இரவில் அதே வழியில் டார்ச்சைக் காலடியில் அடித்து, அடியைச் சற்று அழுத்தி வைத்து நடங்கள். பாம்பு அதிர்வை உணர்ந்து விலகிப்போக நேரம் கொடுக்கிறீர்கள். காலையில் காலணியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு மாட்டுங்கள்.

வழியை முன்பே தாளில் வரைந்துகொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முகாமின் அலுவலக எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

7. இரண்டாம் நாளைக் கடப்பது

முதல் நாள் எல்லோரும் நன்றாகச் செய்வார்கள். புது இடம், புது மனிதர்கள், பக்கத்துப் பாய்க்காரர் பார்க்கிறாரே என்ற நினைப்பு. பிரச்சினையின் விதை அங்கே விழுகிறது. பழக்கமில்லாத அசைவுகளுக்குப் பிறகு வரும் தசை வலி உடனே வராது; 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் முழு வேகம் காட்டும். முதல் நாள் நீங்கள் காட்டிய வீரத்துக்கு இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வட்டியோடு கேட்கும்.

அதோடு தூக்கக் கடன், காபித் தலைவலி, சாப்பாட்டு மாற்றத்தால் வயிற்று உப்புசம் எல்லாம் அதே நாளில் வந்து குவியும். இரண்டாம் நாள் மாலையில் கூடத்தில் நிலவும் அமைதியைத் தியானம் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப் பேர் மனதுக்குள் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எனவே முதல் நாள் உங்களால் முடிந்ததில் பத்தில் ஆறு பங்கு மட்டும் செய்யுங்கள். ஆசிரியர் ஐந்து மூச்சு நிற்கச் சொன்னால் மூன்றில் இறங்குங்கள். இரண்டாம் நாள் வகுப்பைத் தவிர்க்காமல் போங்கள், ஆனால் எல்லா ஆசனத்தையும் எளிய வடிவில் செய்யுங்கள். மெதுவான அசைவில் வலி குறையும், படுத்தே கிடந்தால் இறுகும். மதியம் இருபது நிமிடத்துக்கு மேல் தூங்காதீர்கள், இரவுத் தூக்கம் கெடும். கிளம்பிவிடலாம் என்று தோன்றினால் மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முடிவெடுப்பதாக உங்களுக்கே ஒரு தவணை கொடுங்கள். நான் பார்த்தவரை அந்தத் தவணையைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் பையை எடுப்பதில்லை.

கூர்மையான வலி, மூட்டுக்குள் வலி, மரத்துப்போதல், நெஞ்சு இறுக்கம் ஆகியவை மேலே சொன்ன கணக்கில் சேராது. உடனே நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

8. வகுப்புக்குள்: முதலில் உட்காரக் கற்றுக்கொள்ளுங்கள்

போர்வையை நான்காக மடித்து, பிறகு நீளவாக்கில் இன்னொரு மடிப்பு. விளிம்பு முன்பக்கம் நேராக இருக்கட்டும். அதன் மேல் நடுவில் உட்காராமல் முன்விளிம்பில் உட்காருங்கள். புட்டத்து எலும்பு போர்வை மேல், தொடை முன்னால் சரிந்து கீழே. இப்போது பக்கவாட்டில் இருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கிறதா? இல்லையென்றால் இன்னொரு மடிப்பு. முழங்கால் மேலே தூக்கி நின்றால் இடுப்பு பின்னால் உருண்டு முதுகு கூனும். முதுகுத் தசை உங்களை நிமிர்த்திப் பிடிக்கவே பாடுபடும். பத்தாவது நிமிடத்தில் தோள்பட்டை எரியும். தியானம் வரவில்லை என்று வருந்துபவர்களில் பலருக்கு நான் ஒரு போர்வையைத்தான் கொடுத்திருக்கிறேன்.

உயரமாக உட்கார்ந்தால் கற்றுக்குட்டி என்று தெரிந்துவிடுமே என்று கூச்சப்படாதீர்கள். கூடத்தில் மிகவும் பழகியவர் எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

பத்மாசனத்தில் முழங்காலைக் கையால் அழுத்திக் கீழே தள்ளுவது நான் மிகவும் பயப்படும் தவறு. முழங்கால் கதவுக் கீல் மாதிரி, மடங்கி நீள்வதுதான் அதன் முக்கிய வேலை. காலைத் திருப்பும் வேலை இடுப்பு மூட்டுடையது. இடுப்பு திரும்பாதபோது அந்தத் திருகல் முழங்காலில் போய் விழுகிறது; அங்கே இருக்கும் சவ்வு கிழிந்தால் சுலபமாக ஆறாது. முழங்காலில் சிறு உறுத்தல் தெரிந்தாலும் காலை எடுத்துவிட்டுச் சாதாரணமாகச் சம்மணம் போடுங்கள்.

முன்குனியும் ஆசனங்களில் வலி எங்கே தெரிகிறது என்று கவனியுங்கள். தொடையின் பின்பக்கம் நடுவில் இழுத்தால் சரி. புட்டத்து எலும்பை ஒட்டிய இடத்தில், உட்காரும் இடத்துக்குக் கீழே, சுருக்கென்று இழுத்தால் அது தசைநாண் எலும்பில் ஒட்டும் இடம். அதை மேலும் இழுத்தால் மாதக்கணக்கில் உட்காரும்போதெல்லாம் நினைவுபடுத்தும். முழங்காலை லேசாக மடித்துக்கொண்டு குனியுங்கள்.

மூச்சில் ஒரே விதி: புதியவர் மூச்சை அடக்க வேண்டாம். உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும் சம அளவில், சத்தமில்லாமல் நடந்தால் போதும். வாயைத் திறந்து காற்றைத் தேட வேண்டிய நிலை வந்தால் கணக்கு உங்களுக்கு அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினாலும் விரல் நுனி சில்லிட்டாலும் பயிற்சியை விட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

சவாசனத்தை விட்டுவிட்டுக் குளியலறையில் முதல் ஆளாக நிற்க ஓடுபவர்கள் உண்டு. வெந்நீர் கிடைக்கும், வாஸ்தவம்தான். ஆனால் அவ்வளவு நேரம் வேலை வாங்கிய நாடித்துடிப்பு இறங்கிச் சமநிலைக்கு வருவது அந்தப் பத்து நிமிடத்தில்தான். குறட்டை விடுபவரைப் பற்றிக் கவலை வேண்டாம், அது நீங்களாகவும் இருக்கலாம்.

9. ஜல நேதி செய்யச் சொன்னால்

ஒரு மூக்கில் உப்புநீரை விட்டு மறு மூக்கு வழியாக வெளியேற்றும் பயிற்சி. இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். தண்ணீர் 3 முதல் 5 நிமிடம் கொதித்து வெதுவெதுப்பாக ஆறியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ கிணற்று நீரோ நேராக மூக்குக்குள் போகக் கூடாது. அரிதாக அதில் இருக்கும் அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரையே எடுக்கும். ஊற்று நீர் சுத்தமானது என்று முகாம்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

உப்பு, ஒரு லிட்டருக்கு 9 கிராம். அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக வரும். கூடினாலும் குறைந்தாலும் மூக்கு எரியும். எரிந்தால் அளவு தவறு என்று பொருள். முடித்ததும் முன்னால் குனிந்து மெதுவாக மூச்சை வெளித்தள்ளி மீதி நீரை வடித்துவிடுங்கள். ஒரு மூக்கை இறுக மூடிக்கொண்டு பலமாகச் சிந்தினால் நீர் காதுப் பக்கம் ஏறிவிடும். சளி கட்டியிருக்கும் நாளில் வேண்டாம்.

10. மௌன நேரமும் போனும்

போனை வாங்கி வைக்காத முகாமிலும் நீங்களாகவே அணைத்து அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்க்காமல் இருப்பதற்கு ஆகும் சக்தியை வேறெதற்காவது செலவிடலாம். வீட்டுக்குத் தினம் ஒரு நேரம் பேசுவதாகச் சொல்லாதீர்கள். சிக்னல் கிடைக்காத ஒரு நாளில் அங்கே அவர்கள் பதறுவார்கள், இங்கே நீங்கள் மண்மேட்டில் ஏறிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பீர்கள். "செய்தி இல்லை என்றால் நலம், அவசரம் என்றால் அலுவலக எண்" என்று பேசி வைத்துவிட்டால் தீர்ந்தது.

மௌன நேரத்தில் கண்ணாலும் கையாலும் பேசிக்கொண்டிருப்பதும் பேச்சுதான். ஆனால் உடம்புக்கு ஏதாவது என்றால் மௌனத்தைக் காப்பாற்ற வேண்டாம். நேராகப் போய் வாயைத் திறந்து சொல்லுங்கள். காய்ச்சலோடு ஒரு பகல் முழுவதும் வாய் திறக்காமல் இருந்த ஒருவரை மாலையில் சாப்பாட்டு வரிசையில் கண்டுபிடித்தோம்.

11. கிளம்பும் நாளும் மறுநாளும்

திரும்பி வந்த அன்றே வேலைக்குப் போகும்படி டிக்கெட் எடுக்காதீர்கள். நான்கைந்து நாள் தாழ்ந்த குரல்களை மட்டுமே கேட்ட காதுக்குப் பேருந்து நிலையமே பெரும் இரைச்சல். நடுவில் ஒரு நாள் விடுங்கள்.

கிளம்பும் முன் ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தினமும் இருபது நிமிடம்தான் எனக்கு இருக்கிறது, எதைச் செய்யட்டும்?" அவர் உங்கள் உடம்பை நான்கு நாள் பார்த்தவர். அவர் சொல்லும் நான்கைந்து ஆசனங்களை வரிசை மாறாமல் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். பஸ் ஏறுவதற்குள் பாதி மறந்துவிடும். முகாமின் முழு அட்டவணையை வீட்டில் நடத்திக் காட்டுவதாகச் சபதம் போட்டவர்கள் இரண்டாம் வாரம் முழுதாகவே விட்டுவிடுகிறார்கள்.

மறுநாள் காலை, முகாமில் எழுந்த அதே நேரத்துக்கு எழுந்துவிடுங்கள். மேட்டை முந்தின இரவே விரித்து வைத்திருந்தால் நல்லது. காபிக்குத் திரும்புவதாக இருந்தால் அரைக் கோப்பையில் தொடங்குங்கள். ஒரு வாரமாக விட்டிருந்த உடம்புக்கு முழுக் கோப்பை படபடப்பைத் தரும்.